குளிர்காலத்தில் படகுப் பற்றரி: ஒன்ராறியோ ஏரிகளில் பழகியவர்கள் சொல்வது (ஒவ்வொரு தலைப்பும் பேசுபவரின் இடம்)

சிம்கோ ஏரி

ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங் முடிந்த கையோடு படகுகள் கரையேறிவிடும். மே மாத விக்டோரியா நாள் நெருங்கும்போதுதான் பெரும்பாலானவை மறுபடி தண்ணீரைக் காணும். இடையில் ஆறேழு மாதம். ஏப்ரலில் பற்றரி செத்துக் கிடந்தால் எல்லோரும் குளிரைத்தான் திட்டுவார்கள். பற்றரி எவ்வளவு சார்ஜோடு படுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

முழுச் சார்ஜில் உள்ள ஈய அமிலப் பற்றரி −55 பாகை செல்சியஸுக்கும் கீழே போனால்தான் உறையும். சிம்கோ ஏரிப் பக்கம் அப்படி ஒரு குளிர் வராது. பாதிச் சார்ஜில் இருந்தால் −25 பாகை அளவில் உறையும். ஜோர்ஜியன் குடாப் பக்கம் ஜனவரி இரவுகளில் அது வரக்கூடிய குளிர்தான். அடியோடு இறங்கிய பற்றரிக்கு −10 பாகையே போதும். சார்ஜ் இறங்க இறங்க அமிலத்தில் உள்ள சல்பேற்று உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளில் படிந்துவிடும். மிஞ்சும் திரவம் தண்ணீருக்குக் கிட்டப் போய்விடும். அதுதான் காரணம்.

ஆகவே கரையேற்றுவதற்கு முன்பே, துறையில் கரண்ட் இருக்கும்போதே, முழுதாக ஏற்றிவிடுங்கள். சார்ஜரில் பச்சை விளக்கு எரிவதை மட்டும் நம்பவேண்டாம். மூடி கழற்றக்கூடிய பற்றரி என்றால் அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீற்றரால் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். 1.265 முதல் 1.275 வரை காட்டவேண்டும். ஒரு மணிநேர இடைவெளியில் எடுக்கும் அளவு மேலும் ஏறாமல் நிற்கவேண்டும். மற்ற அறைகளை விட ஒன்று மட்டும் 0.050 குறைவாக நின்றால் அந்த அறை பழுது. அப்படிப்பட்ட பற்றரியைக் குளிர்காலம் முழுக்கப் பராமரித்துப் பயனில்லை.

மூடிய பற்றரிக்கு வோல்ற் மீற்றர்தான் வழி. சார்ஜரைக் கழற்றி 12 மணிநேரமாவது விட்டுப் பாருங்கள். உடனே பார்த்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். சாதாரண திரவப் பற்றரி 12.6 முதல் 12.7 வரை, ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி நார் விரிப்பில் உறிஞ்சிவைத்த மூடிய வகை) 12.8க்கு மேல் காட்டினால் நிறைவு. 12.2 அளவென்றால் பாதிதான்.

தண்ணீர் விடும் ஒழுங்கிலும் பலர் தவறுகிறார்கள். தட்டு வெளியே தெரிந்தால் அது மூடும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் விட்டுச் சார்ஜ் ஏற்றுங்கள். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு, மூடிக்குக் கீழே உள்ள உள்வாய்க் குழாயின் அடிக்கு 3 மில்லிமீற்றர் கீழே வரை விடுங்கள். முன்னமே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி அமிலம் வெளியே வழியும்.

ஹமில்டன் துறை

சிம்கோ அண்ணா சொன்னது முழுக்கச் சரி. ஆனா முழுச் சார்ஜில விட்டதும் எப்பிடி இறங்குது எண்டதையும் பாக்கவேணும். மெயின் சுவிச்ச ஓஃப் பண்ணினால் எல்லாம் நிண்டுபோச்சு எண்டு நினைக்காதேங்கோ. படகின்ர அடியில சேருற தண்ணியை இறைக்கிற பில்ஜ் பம்பின்ர மிதவைச் சுவிச், காபன் மொனொக்சைட் அலாரம், ரேடியோவின்ர மெமறி வயர் எல்லாம் கனபடகுகளில நேர பற்றரியில பூட்டியிருக்கும்.

கணக்குப் பாருங்கோ. வெறும் 20 மில்லி அம்பியர் இழுத்தால் நாளுக்கு 0.48 அம்பியர் மணி. 180 நாளில 86. நூறு அம்பியர் மணிப் பற்றரி ஒண்டைக் கொல்ல அது காணும்.

கண்டுபிடிக்கிறது லேசு. எல்லாம் ஓஃப் பண்ணிப்போட்டு மைனஸ் வயரைக் கழட்டுங்கோ. மீற்றரை 10 அம்பியர் பக்கம் வைச்சு, கழட்டின வயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவில பிடியுங்கோ. அப்ப எஞ்சினைத் திருப்பிப் பாக்காதேங்கோ, மீற்றரின்ர பியூஸ் போயிடும். எவ்வளவு இழுத்தாலும் தீர்வு ஒண்டுதான்: குளிருக்கு மைனஸ் வயர் கழண்டபடியே இருக்கவேணும். இரண்டு பற்றரி சமாந்தரமாப் பூட்டியிருந்தா அந்த இணைப்பையும் பிரியுங்கோ. ஒண்டில ஒரு அறை பழுதானாலும் மற்றதையும் சேத்து இறக்கிப்போடும்.

தண்ணியிலயே குளிர்காலம் கழிக்கிற படகுக்கு இது சரிவராது. பம்ப் வேலை செய்யவேணும், சார்ஜரும் ஓடவேணும், ஆரும் வந்து பாக்கவும் வேணும். கரையில நிக்கிற படகுக்கு அடி பிளக்கைக் கழட்டிவிட்டால் பம்ப் தேவையில்லை.

ஜோர்ஜியன் குடா

வீட்டுக்குக் கொண்டுபோவதா, படகிலேயே விடுவதா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நிறைந்த சார்ஜில், வயர் கழன்று கிடக்கும் நல்ல பற்றரிக்குக் குளிரே நல்லது என்பேன். தானாக இறங்கும் வேகம் வெப்பநிலை 10 பாகை குறையும்போது ஏறக்குறைய பாதியாகும். சூடான பேஸ்மென்றில் சும்மா வைத்த பற்றரி, உறைபனியில் கிடந்ததை விட வேகமாக இறங்கும். முப்பத்தொன்றாம் குறூப் என்ற பெரிய அளவுப் பற்றரி ஒன்று 27 கிலோ அளவில் இருக்கும். அதை ஏணியில் தூக்கி இறக்குவதில் முதுகுக்கும் ஆபத்து, சாய்ந்தால் அமிலமும் கொட்டும்.

ஆனால் பழைய பற்றரி, அல்லது நடுவில் பார்க்க வழியில்லாத இடம் என்றால் கராஜுக்குக் கொண்டுவருவதே மேல். சீமெந்துத் தரை பற்றரியை இறக்கிவிடும் என்ற பேச்சு மரப்பெட்டியும் கடின ரப்பரும் இருந்த காலத்தது. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அது பொருந்தாது. மேலே படிந்த அமில அழுக்குத்தான் மெல்ல மெல்லக் கசியவைக்கும். அரை லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து, மூடிகள் இறுகியிருப்பதைப் பார்த்தபின் கழுவுங்கள். சோடா உள்ளே போனால் அமிலம் கெடும்.

குளிரில் சார்ஜ் ஏற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. 25 பாகையில் 14.4 வோல்ற் போதுமான திரவப் பற்றரிக்குப் பூச்சியத்தில் கிட்டத்தட்ட 15 வோல்ற் வேண்டும். வெப்ப உணரி இல்லாத சார்ஜர் 14.4 இலேயே நின்றுவிடும். பற்றரி அரைகுறையாக நிற்கும், விளக்கு மட்டும் பச்சையாக எரியும். பேஸ்மென்றில் ஏற்றினால் ஃபேர்னஸ், சுடுதண்ணீர்த் தாங்கிக்குத் தள்ளி, காற்றோட்டத்தோடு செய்யுங்கள். வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே தீப்பற்றும்.

பெரி

படகை மெதுவாக ஓட்டும் ட்ரோலிங் மின்மோட்டாருக்கு லித்தியம் பற்றரி போட்டவர்களும் முழுதாக ஏற்றித்தான் வைக்கவேண்டுமா?

ஜோர்ஜியன் குடா

இல்லைத் தம்பி, அதற்கு வேறு விதி. லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியைப் பாதி அளவில் வைத்து, எல்லா வயரையும் கழற்றி, வீட்டுக்குள் வையுங்கள். நூறு அம்பியர் மணி வகை ஈயத்தின் பாதி எடைகூட இருக்காது, தூக்குவது சிரமமில்லை. பாதி என்பதை வோல்ற்றை வைத்துக் கணிக்கவேண்டாம். சார்ஜின் நடுப்பகுதியில் வோல்ற் அசைவது மிகக் குறைவு, போய்வரும் கரண்டை எண்ணும் ஷண்ட் மீற்றர்தான் உண்மை சொல்லும்.

பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணவே கூடாது. லித்தியம் எதிர்மின்வாயின் உள்ளே புகமுடியாமல் உலோகமாக மேலே படியும். அந்தச் சேதம் திரும்பாது. பற்றரிக்குள் இருக்கும் காவல் மின்சுற்றான பிஎம்எஸ் சிலவற்றில் குளிரில் தானே தடுக்கும், எல்லாம் அப்படியல்ல. வெளியே கிடந்ததை உள்ளே கொண்டுவந்தால் ஒரு நாள் விடுங்கள், நடுப்பகுதி சூடாக நேரமெடுக்கும். பிஎம்எஸ் தானும் கொஞ்சம் குடிக்கும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டேயிருக்கும் ஈயத்துக்கான டிரிக்கிள் சார்ஜரைப் பூட்டி மறந்துவிடாதீர்கள்.

சிம்கோ ஏரி

ஈயத்துக்கும் நடுவில் ஒரு பார்வை வேண்டும். ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று போதும். 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி ஏற்றுங்கள். அப்படியே விட்டால் தட்டில் சல்பேற்று கடினமாகிவிடும், பிறகு எந்தச் சார்ஜராலும் முழுதாக மீட்கமுடியாது. சோலார் தகட்டை நம்புபவர்கள் கவனியுங்கள்: படகைச் சுற்றிய ஷ்ரிங்க்ராப் பிளாஸ்ரிக் உறைக்குள்ளும் பனிக்கு அடியிலும் அதற்குப் போதிய வெளிச்சம் கிடைக்காது. பல யார்டுகளில் ஆளில்லாமல் கரண்ட் வயர் இழுத்துவிடவும் அனுமதியில்லை.

பக்கம் வீங்கியிருந்தாலோ உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ சார்ஜரைத் தொடுக்கவே வேண்டாம், வெடிக்கக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டு, அமிலம் தாங்கும் பிளாஸ்ரிக் தட்டில் வைத்து, சூடான இடத்தில் முழுதாக உருகவிடுங்கள். உருகும்போதுதான் பெட்டியின் வெடிப்பு தெரியவரும், அமிலம் அதன் வழியாகக் கசியும். வெடித்திருந்தால் மீள்சுழற்சிக்குக் கொடுங்கள். வெடிக்காதிருந்தாலும் ஏற்றிப் பார்த்துச் சுமைச் சோதனை தேறினால் மட்டுமே படகுக்குள் விடுங்கள்.