மறு: ஓட்டைப் பெட்டிக்கு ஒரு சொல் – ‘தூம்பு’ சரிவருமோ?

வணக்கம்.

நல்லூரில் கொடியேறிவிட்டால் 25 நாளும் எங்கள் பட்டறையில் ஒருவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால்தான் மறுமொழி பிந்திவிட்டது, குறை நினையாதீர்கள்.

கேள்வியை மறந்தவர்களுக்காக: சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) பெட்டியில் ஒரு குழாயோ பலகைச் சந்தோ வைத்துக் காற்றுக்கு வழி விடுகிறோமே, ஆங்கிலத்தில் போர்ட் எனும் அந்த வழிக்கும் அப்படிப்பட்ட பெட்டிக்கும் தமிழில் ஒரு சொல் வேண்டும். பட்டறையில் நாங்கள் “மூடின பெட்டி”, “ஓட்டைப் பெட்டி” என்றுதான் கதைக்கிறோம். வேலை பழக வரும் பெடியளுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் இந்த “ஓட்டை” என்ன கேடு செய்கிறது என்று விளங்கியது.

12 அங்குல சப் ஒன்றுக்கு ஒரு பெட்டி. உள்ளே காற்றுக்கு மட்டும் 60 லீற்றர், பெட்டிக் காற்றும் குழாய்க் காற்றும் சேர்ந்து ஆடும் சுருதி 32 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. நான் சுன்னாகம் போய்த் திரும்புவதற்குள் பெடியன் 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். பலகையில் 10 சென்ரிமீற்றர் வட்டம் ஒன்றைத் துப்புரவாக வெட்டி, விளிம்பு தேய்த்து, கறுப்புப் பெயின்டும் அடித்து வைத்திருந்தான். குழாயைக் காணவில்லை.

“அண்ணை, ஓட்டை எண்டுதானே சொன்னனீங்கள்?”

அவனில் என்ன பிழை? குழாய் இல்லாத அந்தப் பெட்டி 60 ஹேர்ட்ஸையும் தாண்டிப் போய் நின்றது. போட்டுக் கேட்டால் தவிலின் தொப்பி, ட்ரம், பேஸ் கிற்றார் எல்லாம் ஒரே “டும்”. அதே வட்டத்தில் 31 சென்ரிமீற்றர் நீளத்துக்கு பி.வி.சி. குழாய் பூட்டியபிறகுதான் ஒவ்வொன்றும் பிரிந்து கேட்டது.

நீளம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு வில், குழாய்க்குள் இருக்கும் காற்று அந்த வில்லின் நுனியில் தொங்கும் பாரம். பாரம் கூடினால் ஆட்டம் மெதுவாகும். பெட்டி சிறுத்தால் வில் விறைத்து ஆட்டம் விரைவாகும். வெறும் சோடாப் போத்தலின் வாயில் ஊதிப் பாருங்கள், பிறகு அரைவாசிக்குத் தண்ணீர் விட்டு ஊதுங்கள், சுருதி ஏறும். 19 ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த அதே பரிவுதான் (ரெசனன்ஸ்) இது.

ஆகவே எனக்கு வேண்டிய சொல் வெறுமையைச் சொல்லக் கூடாது. உள்ளே ஒரு காற்றுத்தூண் கிடக்கிறது, அதற்கு நீளமும் பாரமும் உண்டு என்று சொல்ல வேண்டும். இந்த அளவுகோலோடு உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

> போர்ட் என்பதற்குக் கணினியில் ‘துறை’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ‘துறைப் பெட்டி’ எனலாமே?

காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை எல்லாம் சுற்றி இருக்கிற ஊரில் “துறைப் பெட்டி” என்றால் கப்பலில் வந்திறங்கிய பெட்டி என்றுதான் நினைப்பார்கள். விலையும் கூட்டிக் கேட்கலாம் போல.

> பாஸ் ரிஃப்ளெக்ஸ் என்பதே பழைய பெயர். ‘மந்திர எதிர்வினைப் பெட்டி’?

இந்த அமைப்புக்கு ஆல்பர்ட் துராஸ் 1932 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஸ்பீக்கரில் அசைகிற கூம்பின் பின்பக்கத்து ஒலி, முன்பக்கத்து ஒலிக்கு நேர் எதிராக வரும். பெட்டியும் குழாயும் சேர்ந்து அதைத் திருப்பி முன்பக்கத்தோடு ஒத்துழைக்க வைக்கும். அந்தத் திருப்பத்தை “எதிர்வினை” சொல்லவில்லை. இசையில் தாழ்ந்த சுருதிக்குப் பெயரென்றாலும், மந்திரம் என்று வேறு போட்டால் பெட்டிக்குத் தேசிக்காய் வெட்ட வேண்டும் என்பார்கள். இதை விடுவோம்.

> ‘பரிவுப் பெட்டி’. பள்ளிக்கூடத்தில் பரிவுக் குழாய் படித்த பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

கொக்குவில் ஆசிரியர் சொன்னது. (தமிழகத்து நண்பர்களுக்கு: எங்கள் பாடநூலில் பரிவு என்பது உங்கள் ஒத்ததிர்வு, மீடிறன் என்பது உங்கள் அதிர்வெண்.) சேர், சொல் அழகு. ஆனால் மூடின பெட்டிக்கும் அதில் பூட்டிய ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரு பரிவு மீடிறன் உண்டு. வீணைக் குடத்துக்கும் உண்டு. இரண்டு பெட்டியையும் பிரித்துக் காட்டத்தானே சொல் தேடுகிறோம்.

> குழல் பெட்டி. எளிமையாகச் சொல்லுங்கோவன்!

ரொறன்ரோ அக்கா, இதில்தான் நான் இரண்டு நாள் நின்றேன். இரண்டு காரணத்தால் இறங்கினேன். குழல் என்றால் அதன் நீளமே சுருதியைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் வரும். எங்கள் 31 சென்ரிமீற்றர் குழாயைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதன் சொந்தச் சுருதி 450 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட வரும். பெட்டியோடு சேர்ந்தால்தான் 32. (அந்த 450 வெளியே கசியக்கூடும். சப்புக்கு மேல் மீடிறன்களை அனுப்பாமல் வெட்டிவிட அதுவும் ஒரு காரணம்.) மற்றது, குழாயே இல்லாமல் பெட்டியின் அடியில் பலகை அடித்து நீள்சதுரச் சந்தாக விடுவதும் உண்டு. அதைக் குழல் என்றால் தச்சர் சிரிப்பார்.

கடைசியாக, சென்னை ஐயா ஒரே வரியில் போட்டுவிட்டுப் போனது:

> தூம்பு?

ஐயா, இந்தக் கேள்விக்குறியை எடுத்துவிடுங்கள். பழைய அகராதிகளில் தூம்பு என்றால் உட்டுளையுள்ள பொருள், மூங்கிற் குழாய், குளத்து மதகு. எங்கள் பக்கத்தில் பெரிய குளம் பார்க்க வன்னிக்குத்தான் போகவேண்டும், அங்கே இதைத் துருசு என்பார்கள். துருசும் நல்ல சொல்தான். ஆனால் கதவைத் திறந்து பூட்டுகிற நினைப்பு அதோடு ஒட்டி வருகிறது. தூம்பில் அது இல்லை. மதகுத் தூம்பு வட்டமாயும் இருக்கும், கல்லடுக்கிச் சதுரமாயும் இருக்கும். ஆகவே குழாய்த் தூம்பு, பலகைத் தூம்பு என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம்.

இன்னொன்று. மலைபடுகடாம் தொடக்கத்தில் கூத்தர் கொண்டுபோகும் இசைக்கருவிகளுக்குள் “களிற்றுயிர்த் தூம்பு” வருகிறது. யானை நெட்டுயிர்ப்பதுபோல ஒலிக்கும் கருவி. 32 ஹேர்ட்ஸில் நிற்கும் பெட்டியின் வாயில் கையை வைத்துப் பார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் சொல்ல முடியும்? அந்தச் சுருதியில் கூம்பு அசைவது கண்ணுக்கே தெரியாது. ஒலி கிட்டத்தட்ட முழுக்க அந்த மூச்சில்தான் வருகிறது.

எனவே என் முன்மொழிவு: தூம்பு, தூம்புப் பெட்டி, தூம்பு மீடிறன். தூம்பின் வாயில் “புஸ்” என்று கேட்கும் காற்றுச் சத்தத்துக்குத் தூம்பிரைச்சல்.

கடைசிச் சொல் அவசியம். 10 சென்ரிமீற்றர் குழாய்க்குப் பதிலாக 7.5 போட்டால் 16 சென்ரிமீற்றர் நீளமே அதே 32 ஹேர்ட்ஸுக்குப் போதும். செலவு மிச்சம் என்று பெடியள் துள்ளுவார்கள். ஆனால் அதே காற்று ஒடுங்கிய வழியால் கிட்டத்தட்ட 1.8 மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். செக்கனுக்கு 17 மீற்றரைத் தாண்டாமல் வைத்தால் நல்லது என்பது பெட்டி அடிப்பவர்கள் கையாளும் ஒரு அளவு. தாண்டினால் வல்வெட்டித்துறைப் பட்டத்தில் கட்டிய விண் மாதிரி பெட்டியும் கூவத் தொடங்கும். பட்டத்துக்கு அது அழகு.

அன்புடன்,
கோண்டாவிலிலிருந்து

---

> ஐயா, நான் போட்ட சொல்லுக்கு நானே குறுக்கே நிற்கிறேன். தூம்பு இன்று பேச்சில் இல்லை. இலக்கியத்திலிருந்து தோண்டி எடுத்த எத்தனையோ சொற்கள் பட்டியலிலேயே செத்துப்போயின. கடையில் போய்க் கேட்டால் விளங்குமா? ‘போர்ட்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன குறை?

ஐயா, நியாயமான கேள்வி. கடையில் நான் இன்னும் “நாலங்குல பைப்” என்றுதான் கேட்பேன், அதில் மாற்றமில்லை. ஸ்பீக்கரையும் சப்பையும்கூட மாற்றச் சொல்லவில்லை. ஸ்பீக்கரின் குணங்களைக் குறிக்க தீல், ஸ்மோல் இருவரின் பெயரால் வழங்கும் அளவுகளையும் அப்படியே எழுதுகிறேன், அவை ஆட்களின் பெயர்.

‘போர்ட்’ எங்கள் பட்டறையில் பிழைக்காததற்குக் காரணம் வேறு. பின்பக்கத்தில் வயர் குத்துகிற இடத்தையும் அவர்கள் போர்ட் என்றே சொல்கிறார்கள். ஒருநாள் “போர்ட்டைச் சரியா ஒட்டினியா?” என்று கேட்டு, அவன் வயர் குத்துமிடத்தைச் சுற்றிச் சிலிக்கன் பூசிக் காட்டினான்.

குறிப்பில் தூம்பு என்றே எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் சிரிப்பு. மூன்றாம் நாள் அதே பெடியன், வட்டம் வெட்ட முன்னம், “அண்ணை, தூம்பு எவ்வளவு நீளம்?” என்று கேட்டான். ஓட்டைக்கு நீளம் கேட்டு வந்தவர் இதுவரை ஒருவருமில்லை. பிறகு, தூம்பு உள்ளே பிடிக்கிற இடத்தையும் 60 லீற்றரோடு கூட்ட வேண்டுமா என்றான். ஓம், கூட்ட வேண்டும். 11 சென்ரிமீற்றர் வெளிவிட்டமுள்ள அந்தக் குழாய் மட்டும் கிட்டத்தட்ட 3 லீற்றரைத் தின்றுவிடும். ஸ்பீக்கரின் முதுகும் குறுக்குச் சட்டங்களும் வேறு.

குறிப்பில் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், சரிபார்த்துத் தாருங்கள்: “தூம்பு மீடிறனுக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானம் இல்லை, ஒலி எட்டத்துக்கு 24 டெசிபெல் வீதம் விழும், கூம்போ கட்டறுந்த மாடாய் ஆடும், ஆகவே கீழ்வெட்டு வடிகட்டி (மிகத் தாழ்ந்த மீடிறன்களை வெட்டிவிடுவது) போடாமல் தூம்புப் பெட்டியை உரக்க வைக்காதே.” ‘எட்டம்’ என்று ஒக்டேவுக்கு (மீடிறன் இரட்டிக்கும் இடைவெளி) நானாகப் போட்டது. ‘அட்டமம்’ நல்லதென்று கொக்குவில் சேர் சொல்கிறார். சனிக்கு அட்டமம் பார்க்கிற ஊரில் எனக்குத் துணிவு வரவில்லை.

அக்கா, நீங்கள் கேட்ட மற்றது: தூம்புக்குப் பதில் வயர் இல்லாத கூம்பு ஒன்றைப் பூட்டுகிறார்களே, அதற்கு எங்கள் பட்டறையில் “ஊமை” என்று பெயர். ஊமைக்கூம்பு என்று எழுதலாமோ? அதைப் புது இழையில் போடுங்கோ. இது ஏற்கெனவே நீண்டுவிட்டது, வெளியில் லொறி ஹோர்ன் அடிக்கிறது.