மறுமொழி: கிளியாவுக்கு ‘நரம்புப்பசை’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா,

மூளையில் நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் கிளியா (glia) என்ற உயிரணுக்களுக்கு நீங்கள் முன்மொழிந்த ‘நரம்புப்பசை’, பசை என்று பொருள்படும் கிரேக்க வேரைச் சரியாகப் பிடித்திருக்கிறது. 1856இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ, நரம்பணுக்களுக்கு இடையே பூசிய ஒட்டுப்பொருள் என்று எண்ணித்தான் அந்தப் பெயரை வைத்தார். அந்த எண்ணம் பிறகு பொய்த்தது. கிளியா என்று சொல்பவர் காதில் பசை விழுவதில்லை. தமிழில் சொன்னால் விழும். வகுப்பில் இந்தச் சொல்லைப் பயன்படுத்திய அன்றே ஒரு மாணவி, “அப்ப அதுக்கு உயிர் கிடையாதா டீச்சர்?” என்று கேட்டாள். அன்றிலிருந்து மாற்றுச்சொல் தேடுகிறேன்.

இந்த அணுக்கள் என்ன செய்கின்றன? விண்மீன் வடிவ ஆஸ்ட்ரோசைட், ஒரு காலைக் குருதிக்குழாய்மேல் ஊன்றி, மற்றக் கிளைகளால் நரம்பணுச் சந்திப்புகளை அணைத்து நிற்கிறது. அங்கே மிஞ்சும், நரம்புச் செய்தி கடத்தும் குளூட்டமேட்டையும் பொட்டாசியத்தையும் உறிஞ்சி அப்புறப்படுத்துகிறது. நரம்பணுவுக்கு ஊட்டவும் செய்கிறது. மைக்ரோகிளியா சிதைவுகளை விழுங்கித் துப்புரவு செய்கிறது. அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய். ஊட்டி, காத்து, கண்ணும் கருத்துமாக வளர்ப்பவள் செவிலி. ஆகவே ‘செவிலியணு’ என்பேன்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: ஆஸ்ட்ரோசைட்டுக்கு உடுச்செவிலி (உடு என்றால் விண்மீன்), மைக்ரோகிளியாவுக்கு நுண்செவிலி. இன்னொரு கிளியா வகையான ஒலிகோடெண்ட்ரோசைட்டில்தான் தயங்கினேன். அந்தப் பெயர் சொல்லும் ‘சில கிளைகள்’ என்பது ஸ்பானிய ஆய்வாளர் டெல் ரியோ ஓர்தேகா 1921இல் வெள்ளிச் சாயத்தில் கண்ட தோற்றம். அதே அணு பல நரம்பிழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை சுற்றிவிடுகிறது. தோற்றத்தை விட்டுத் தொழிலைப் பிடித்தால் ‘போர்வைச்செவிலி’.

அன்புடன்

*

வணக்கம்.

இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் கலம், இழையம் என்று படித்தோம். உங்கள் பக்கம் செல், திசு. ‘செவிலி’யோடு அணுவும் வேண்டாம், கலமும் வேண்டாம். அப்படியே விட்டால் இரு கரைக்கும் பொதுவாகும்.

ஆனால் இரண்டு தடைகள். பூச்சிகளின் சூலகத்தில் முட்டைக்கு ஊட்டும் கலங்களுக்கு ஆங்கிலப் பெயரே செவிலிக்கலம் என்ற பொருளில்தான் இருக்கிறது, இரண்டும் குழம்பும். அடுத்தது, கருவில் மூளை உருவாகும்போது ஆரக்கிளியா (ஆரம்போல் நீண்ட கிளியா வகை) புதிய நரம்புக்கலங்களுக்கு வழிகாட்டுவதோடு நிற்பதில்லை. அவற்றைப் பெறுவதும் அதுவே. பெற்றவளைச் செவிலி என்பது முறையா?

*

அன்புள்ள ஐயா,

முதல் தடையை முழுதாக ஏற்கிறேன். தனித்துச் சொல்லும்போது எப்போதும் ‘நரம்புச்செவிலி’ என்றே வரட்டும்.

இரண்டாவதை இரவெல்லாம் யோசித்தேன். ஆரக்கிளியாவை ‘ஆரத்தாய்’ என்று பிரித்துவிடலாம். பாலூட்டிகளில் நரம்பணுக்களைப் பெற்று முடித்தபின் ஆரத்தாய்கள் பலவும் உடுச்செவிலியாக மாறிவிடுகின்றன, நற்றாயே செவிலியாகிறாள். பெயர் மாற்றம் உடலில் நடக்கும் மாற்றத்தையே காட்டுகிறது. நுண்செவிலியோ நரம்புக் குடும்பமே அல்ல. கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறுவது. வெளியிலிருந்து வந்து வளர்ப்பவளுக்குச் செவிலி என்ற பெயர் இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

எனக்குள்ள தயக்கம் வேறு. இதன்படி கிளியோமா என்ற கிளியாக் கட்டி ‘நரம்புச்செவிலிக் கட்டி’ ஆகும். மருத்துவமனையில் செவிலியர் பக்கத்தில் நிற்க, அந்தப் பெயரை நோயாளியிடம் சொல்ல நேரும். அது அவர்கள் மனத்தைச் சுடுமா என்று குழுவிலுள்ள செவிலியர்களே சொல்ல வேண்டும். சுடும் என்றால் கட்டிக்கு மட்டும் வேறு பெயர் தேடுவோம்.