சஞ்சாக் இஸ்கெலே தமாம்: ஒரே சொல்லிடம் ஏமாந்தவர்கள் வாருங்கள்

பழைய சீஃப் ஆபீசர்:

துருக்கியில் டிரை டாக் (கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? இருந்தால் ‘இஸ்கெலே’ என்ற சொல்லிடம் ஒரு தடவையாவது ஏமாந்திருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் முறை.

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், தெற்கு ஓரத்தில் துஸ்லா இருக்கிறது. கப்பல் பழுதுபார்க்கும் யார்டுக்கு அடுத்த யார்டு, சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும் இடம். எங்கள் பல்க் கேரியர் சரக்குக் கப்பல் அங்கே டாக்கில் ஏறி நின்றது. அடிப்பகுதி முழுக்கக் கழுவி, சுரண்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். யார்டு மேஸ்திரியை எல்லோரும் ‘உஸ்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் உஸ்தாத் என்கிறோமே அதே சொல்தான். நல்ல மனுஷன், ஆனால் ஆங்கிலம் பத்துச் சொல். எனக்குத் துருக்கி மொழி அதைவிடக் குறைவு. வலப்பக்கம் சஞ்சாக், இடப்பக்கம் இஸ்கெலே, முடிந்தது என்றால் தமாம். இது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறரை மணிக்கு வாக்கி டாக்கியில் உஸ்தாவின் குரல்: “சீஃப், சஞ்சாக் இஸ்கெலே தமாம்!”

ராத்திரி முழுக்கத் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. ஆக, வலமும் இடமும் கழுவியாகிவிட்டது. கேப்டனிடம் சொன்னேன், கேப்டன் சூப்பரின்டெண்டிடம் சொன்னார், அவர் பெயிண்ட் கம்பெனி இன்ஸ்பெக்டரைப் படுக்கையிலிருந்து எழுப்பி வரவழைத்தார். அந்த ஆள் ஹெல்மெட்டும் டார்ச்சுமாக டாக்கின் தரையில் இறங்கி நடக்கிறார், நான் பின்னால். இடப்பக்கம் பாசியும் சிப்பியும் போன வாரம் இருந்த மாதிரியே இருக்கின்றன. வலப்பக்கம் போனால் அங்கேயும் பாசி, ஆனால் அதற்கு முன்னால் தரையிலிருந்து டெக் வரைக்கும் புத்தம் புதுசாகக் குழாயும் பலகையுமாகச் சாரம் கட்டியிருக்கிறது. தண்ணீர் அடித்த சத்தம் பக்கத்து டாக்கில் இருந்த கப்பலுடையது!

சாரத்துக்கும் இஸ்கெலே என்றுதான் பெயராம். ‘வலப்பக்கச் சாரம் கட்டியாச்சு’ என்று உஸ்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். விஷயம் புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பு டாக் முழுக்க எதிரொலித்தது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் கப்பலில் ஏற வைத்திருந்த படியைக் கையால் தட்டி, “இதுவும் இஸ்கெலே” என்றார். பிறகு தூரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த படகுத்துறையைக் காட்டி, “அதுவும்.”

இன்ஸ்பெக்டர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

சுக்கான் பிடித்த கை:

அண்ணே, உங்களுக்குப் போனது மானம் மட்டும்தான், எனக்குக் கப்பலே போயிருக்கும். பாஸ்பரஸ் ஜலசந்தி 31 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு பக்கமும் வீடு, மசூதி, டீக்கடை, மிகக் குறுகலான இடத்தில் அகலம் 700 மீட்டர் சொச்சம். யெனிகோய் பக்கம் 80 டிகிரி திருப்பம் வேறு. நான் வீலில், அதாவது சுக்கானைத் திருப்பும் சக்கரத்தில், இருந்தேன். வழிகாட்டக் கப்பலில் ஏறும் பைலட்டின் உத்தரவெல்லாம் ஆங்கிலத்தில், ‘போர்ட் டென்’ (இடப்பக்கம் பத்து டிகிரி), ‘மிட்ஷிப்ஸ்’ (சுக்கான் நடுவில்). நாம் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் வீலைத் திருப்ப வேண்டும், தெரிந்ததுதான். அந்தப் பயணத்துக்கு முன்னால் ஒரு துருக்கிக் கப்பலில் விருந்துக்குப் போய் ‘இஸ்கெலே அலபந்தா’ என்றால் முழுக்க இடப்பக்கம் திருப்பு என்று பெருமையாகக் கற்று வைத்திருந்தேன். வடக்கு முனை நெருங்கும்போது பைலட் கையில் ரேடியோவை எடுத்துத் துருக்கியில் சடசடவென்று பேச ஆரம்பித்தார், நடுவில் ‘இஸ்கெலே’ என்று அழுத்திச் சொன்னார். என் கை தானாக இடப்பக்கம் அசைந்துவிட்டது. அரை விரல் அளவுதான். கேப்டன் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. பைலட் தன்னை இறக்கிவிட வரும் படகிடம், ஏணி இடப்பக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஆனால் துருக்கியை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஆங்கிலத்து ‘போர்ட்’ என்ன யோக்கியம்? துறைமுகமும் போர்ட், இடப்பக்கமும் போர்ட், பீரங்கி நீட்டும் ஓட்டையும் போர்ட், கேப்டன் மேசையில் இருக்கும் இனிப்பு ஒயினும் போர்ட். ஒயின் பெயர் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்திலிருந்து வந்தது, அந்த நகரத்தின் பெயரோ துறைமுகம் என்ற சொல்லிலிருந்தே வந்தது. முன்பு இடப்பக்கத்துக்கு ‘லார்போர்ட்’ என்று வேறு சொல் இருந்தது. காற்றில் கத்தும்போது அதுவும் வலப்பக்கத்துக்கான ‘ஸ்டார்போர்ட்’டும் ஒன்றுபோலக் கேட்கிறது என்று 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை அதைத் தூக்கிவிட்டு ‘போர்ட்’தான் என்று உத்தரவே போட்டது.

இன்னொரு கூத்து. டைட்டானிக்கில் 1912-ல் பனிப்பாறையைப் பார்த்ததும் கொடுத்த உத்தரவு ‘ஹார்ட் எ ஸ்டார்போர்ட்’. கப்பல் திரும்பியது இடப்பக்கம். தப்பில்லை, அப்போதைய வழக்கமே அதுதான். பழைய கப்பலில் சுக்கான் தண்டை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் போகும், அந்த மிச்சம் வீல் வந்த பிறகும் உத்தரவில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லும் பக்கமே கப்பல் திரும்ப வேண்டும் என்ற முறை 1930-களில்தான் நிலைத்தது. நான் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கடிகோய் மாணவி:

நான் கப்பல்காரி இல்லை, இஸ்தான்புல்லில் இரண்டு வருஷம் படித்தவள். அங்கே தினசரி வாழ்க்கையே இஸ்கெலேதான். ஆசியக் கரையில் இருக்கும் கடிகோயிலிருந்து எதிர்க்கரை எமினோனு போகும் படகில் இடப்பக்கம் உட்கார்ந்தால் தோப்காபி அரண்மனையும் அயாசோபியாவும் தெரியும், வலப்பக்கம் உட்கார்ந்தால் கன்னிக் கோபுரம். கூட்டத்தில் இடம் பிடிப்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

வகுப்புத் தோழி ஒருத்தி, “ஆறு மணிக்கு பெஷிக்டாஷ் இஸ்கெலேசியில் நிற்கிறேன்” என்று மெசேஜ் அனுப்பினாள். பெஷிக்டாஷ் எதிர்க்கரையில், ஐரோப்பியப் பக்கம் இருக்கிறது. நான் கடிகோயில் படகு ஏறி, ஒரு கிளாஸ் டீ குடித்து, கடற்காகத்துக்கு சிமிட் ரொட்டியில் பாதியைப் போட்டு, பெஷிக்டாஷில் இறங்கி அவளைத் தேடினால் ஆளைக் காணோம். போன் அடித்தால், “நான் கடிகோயில்தான் நிற்கிறேன், பெஷிக்டாஷ் இஸ்கெலேசியில்” என்கிறாள். பெஷிக்டாஷில் இருக்கும் துறையும் அதே பெயர், கடிகோயில் பெஷிக்டாஷ் படகு புறப்படும் துறையும் அதே பெயர்! நான் படகு ஏறும்போது அவள் பத்து அடி தள்ளி நின்று போன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மறுபடியும் டிக்கெட், மறுபடியும் டீ.

அங்கே பஸ் டிரைவரையும் ‘கப்தான்’ என்றுதான் கூப்பிடுவார்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பில் மொழிபெயர்ப்பவன்:

சீஃப் சார் கதையின் அடுத்த பாகம் என்னிடம் இருக்கிறது. சென்னையில் கப்பல் நிர்வாக அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தபோது ஒரு துருக்கி யார்டிலிருந்து வந்த பில்லை, அவசரத்தில், மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டு மேலே அனுப்பிவிட்டேன். அதில் ஒரு வரி, ‘படகுத்துறை அமைத்தல் மற்றும் அகற்றுதல், நானூறு சொச்சம் கன மீட்டர்’. மேலதிகாரி சிவப்பு மையில் வட்டம் போட்டு, “நாம் எப்போது படகுத்துறை கட்டச் சொன்னோம், கட்டியதை ஏன் இடித்தார்கள்?” என்று கேட்டிருந்தார். சாரம் கட்டிப் பிரித்த கூலி, ஐயா. சாரத்தைக் கன மீட்டரில் கணக்குப் போடுவார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து இந்தச் சொல்லை விடவில்லை. மூலம் இத்தாலிய ‘ஸ்காலா’, ஏணி. ஏணி வைத்து இறங்கும் இடம் துறை, ஏணி மாதிரி நிற்பது சாரம். பிரெஞ்சுக்காரர்கள் உஸ்மானியப் பேரரசின் துறைமுகங்களை ‘லெவாண்ட்டின் (கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியின்) ஏணிகள்’ என்றே எழுதினார்கள். இடப்பக்கம் எப்படி வந்தது என்றால், பழைய கப்பல்களில் திசை திருப்பும் பெரிய துடுப்பு வலப்பக்கம் இருக்கும், அது கரையில் மோதி உடையக் கூடாதே, அதனால் இடப்பக்கத்தைத்தான் துறையோடு அணைப்பார்கள். ஆங்கிலத்தில் இடப்பக்கம் ‘போர்ட்’ ஆனதற்கும் இதைத்தான் சொல்கிறார்கள். துருக்கிக்காரனும் ஆங்கிலேயனும் தனித்தனியாக ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள், எனக்கு இதில் வரும் சந்தோஷம் சம்பள உயர்வில்கூட வந்ததில்லை.

சஞ்சாக் இன்னும் மோசம். வலப்பக்கம், கொடி, உஸ்மானியர் காலத்து மாவட்டம், எல்லாம் அதுவே. 1939-ல் துருக்கியோடு சேர்ந்த அலெக்சாண்ட்ரெட்டா சஞ்சாக் பற்றிய ஒரு கட்டுரையை அதே மெஷினில் போட்டுப் பார்த்தேன், ‘அலெக்சாண்ட்ரெட்டாவின் வலப்பக்கம்’ என்று வந்தது. இதெல்லாம் பேசும் நாம் மட்டும் சும்மாவா? கப்பல் அணைவதும் துறை, துணி துவைப்பதும் துறை, பொதுப்பணித்துறையும் துறை. பாவம், தமிழ் படிக்கும் துருக்கிக்காரன் எங்கே புலம்புகிறானோ.

சுக்கான் பிடித்த கை:

‘பாபா’வை எல்லோரும் விட்டுவிட்டீர்களே. பாபா என்றால் அப்பா. கயிறு மாட்ட துறையில் நட்டிருக்கும் இரும்புக் கட்டைக்கும் பாபா என்றுதான் பெயர். “கயிற்றைப் பாபா கழுத்தில் போடு” என்று அங்கே ஒருவன் கத்தியபோது நான் நிஜமாகவே பெரியவர் யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

கடிகோய் மாணவி:

ஐயோ, அதில் வசவும் உண்டு! பேருக்கு அப்பாவாக இருந்து எதையும் கவனிக்காத ஆளை ‘இஸ்கெலே பாபாசி’ என்பார்கள். துறையில் நட்ட கட்டை. தோழி தன் அப்பாவைப் பற்றி அப்படிச் சொன்னபோது, அவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார் போல என்று நினைத்து, எந்தத் துறைமுகம் என்று கேட்டுத் தொலைத்தேன்.

பழைய சீஃப் ஆபீசர்:

அவள் என்ன சொன்னாள், அதைச் சொல்லாமல் போகாதீர்கள்.

கடிகோய் மாணவி:

“எந்தத் துறைமுகம் என்று எங்கள் அம்மாவுக்கே தெரியாது” என்றாள். அன்றைக்கு டீ என் செலவு.