40 மீற்றர் வயர் அன்ரனா: வெட்டலாமா?

கல்லடிப் பாலத்தடி:
வணக்கம். அமெச்சூர் றேடியோ லைசன்ஸ் கிடைத்து மூன்று மாதம். 40 மீற்றர் அலைவரிசைக்கு (7 மெகாஹேர்ட்ஸ் பக்கம்), பையில் கொண்டு திரிய ஒரு டைபோல் செய்தேன்: நடுவில் கேபிள், இரு பக்கமும் வயர். 143ஐ 7.1 மெகாஹேர்ட்ஸால் வகுத்து, வந்ததைப் பாதியாக்கி, பக்கத்துக்கு 10.07 மீற்றர் வெட்டினேன். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயர்தான். ஏற்றிப் பார்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (அன்ரனாவுக்குள் போகாமல் திரும்பி வரும் அலையைக் காட்டும் அளவு) 6.8 மெகாஹேர்ட்ஸில்தான் குறைகிறது. பக்கத்துக்கு அரை மீற்றர் வெட்டிவிடவா? தென்னைக்கு மேலால் எறிந்த கயிறும் மட்டையில் சிக்கி இன்னும் அங்கேயே தொங்குகிறது.

திருக்கோவில் கரையோரம்:
தம்பி, வெட்டாதீங்க. கணக்கில் பிழையில்லை. அந்தச் சூத்திரம் வெறும் செம்புக் கம்பிக்கு. மேலே பிளாஸ்ரிக் உறை இருந்தால் அலை கொஞ்சம் மெதுவாகப் போகும், அதனால் வயர் குட்டையாக இருக்க வேண்டும். தாழக் கட்டினாலும் அளவு மாறும். உங்கள் கணக்குப்படி பக்கத்துக்கு 43 சென்ரிமீற்றர் கூட. முதலில் 35 மட்டும் நுனியில் மடித்து, அதே வயரில் இறுக்கிச் சுற்றிவிட்டு அளந்து பாருங்கள். வேறு இடத்தில் கட்டும்போது மடிப்பை அவிழ்க்கலாம், வெட்டினது வெட்டினதுதான்.

தென்னையை விடுங்கள். வேம்பு, புளி நல்லது. தங்கூசியில் ஈயக்குண்டு கட்டி எறிந்து, அதில் கயிற்றை முடிந்து இழுங்கள். நடுவை ஆறு ஏழு மீற்றர் உயர்த்தி, இரு நுனியையும் சரித்துக் கட்டினால் ஒரு மரமே போதும். அந்த உயரத்தில் அலை நேரே மேலே போய், வானின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும். பகலில் கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் பேசலாம். மாரி வெள்ளத்தில் கரண்டும் போனும் போனால் நமக்கு வேண்டியது அதுதான்.

முக்கியமானது, அன்ரனாவில் பொருத்தும் கேபிளின் வாயைத் தண்ணீர் போகாமல் அடைத்துவிடுங்கள். எனது அன்ரனா ஒரு வருடத்தில் செவிடாகிப் போனது. வயரைத்தான் சந்தேகித்தேன். கடைசியில் கேபிளை ஒரு சாண் உரித்தேன்: பின்னல் கம்பி பச்சை பூத்து, விரலால் தேய்க்க மாவாக உதிர்ந்தது. உப்புக்காற்று. ஈயம் வைத்த இடத்தில் சிலிக்கன் பூசி, வாய் கீழே பார்க்கக் கட்டுங்கள்.

அக்கரைப்பற்று வயல்வெளி:
அண்ணன் சொன்னதுதான் சரி. ஒன்று மட்டும்: நுனிகளை ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்க தம்பி. 100 வாட் விட்டால் நுனியில் தொட்ட கை சுடும். பிள்ளைகள் ஓடித்திரியும் வளவென்றால் சொல்லவே தேவையில்லை. கேபிளை அன்ரனா அடியில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டினால், அதன் வெளிப்புறத்தால் அலை றேடியோவுக்குத் திரும்பி வருவதும் குறையும்.

கல்லடிப் பாலத்தடி:
நன்றி அண்ணன்மாரே. இன்று பின்னேரம் வேம்பில் ஏற்றினேன். 35இல் 7.02 வந்தது, 41 ஆக்கினதும் 7.08. மடித்த இடத்தில் மையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சிலிக்கன் நாளைக்கு வாங்க வேண்டும்.