தொப்புள்கொடி ரத்தம்: ‘மீனாட்சி இல்லம்’ குழுவில் ஒரு ராத்திரி

செந்தில் (7:42): எல்லோருக்கும் வணக்கம். இன்று ஸ்கேன் முடித்து வெளியே வந்தபோது கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் பிடித்துக்கொண்டார். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து 75 வருடம் உறையவைத்துப் பாதுகாப்பார்களாம். 65,000 ரூபாய், மாதத் தவணையும் உண்டு. இன்று ராத்திரிக்குள் 5,000 முன்பணம் கட்டினால் தள்ளுபடி. கட்டலாமா?

ராமு சித்தப்பா: யோசிக்கவே வேண்டாம் மாப்பிள்ளை. குழந்தைக்கு வாழ்நாள் காப்பீடு மாதிரி. சர்க்கரை, ஆட்டிசம், மாரடைப்பு, எல்லாவற்றுக்கும் அதில் மருந்து இருக்கிறது. ஒரு வீடியோ அனுப்புகிறேன், பாருங்கள்.

ராமு சித்தப்பா: 📹

கவிதா: 80 நோய் குணமாகும் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. பிறக்கும்போது விட்டால் அப்புறம் கிடைக்கவே கிடைக்காது என்று அந்த ஆள் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அம்மா: விஜயா எங்கே? அவளைக் கேட்காமல் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

விஜயா அத்தை: வந்துவிட்டேன் அண்ணி. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, அந்த 80 நோய் எவை என்று நோட்டீஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். படம் எடுத்துப் போடுங்கள்.

செந்தில்: 📷

விஜயா அத்தை: பார்த்தேன். முக்கால்வாசி ரத்தப் புற்றுநோய், உடம்பில் நல்ல ரத்தம் ஊறாத தலசீமியா, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தசோகை, பிறவியிலேயே நோய் எதிர்ப்பு இல்லாமல் போவது, இவைதான். பொய் இல்லை, கொடிரத்தத்தில் புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருப்பதால் இவற்றுக்கு அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் யாருடைய ரத்தம்? தலசீமியா உள்ள குழந்தையின் கொடிரத்தத்திலும் அதே குறைதான் இருக்கும். சிறு வயதில் ரத்தப் புற்றுநோய் வருகிறது என்றால், அதன் வித்து பல சமயம் பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கிறது. அதையே எடுத்து வைத்து அந்தக் குழந்தைக்கே திருப்பி ஏற்றி என்ன பயன்?

ராமு சித்தப்பா: அப்படியானால் வெளிநாட்டில் எல்லாம் ஏன் செய்கிறார்கள் அக்கா?

விஜயா அத்தை: செய்கிறார்கள்தான். உலகத்திலேயே முதல் தடவை 1988-இல் பாரிஸில் செய்தார்கள். ஃபான்கோனி அனீமியா என்ற ரத்த நோய் இருந்த ஒரு பையனுக்கு, அப்போதுதான் பிறந்த அவன் தங்கையின் கொடிரத்தம். அங்கேயும் தங்கையுடையதுதான் உதவியது, அவனுடையது இல்லை. சர்க்கரை, ஆட்டிசம் எல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. அந்த வீடியோவை அழித்துவிடு ராமு.

செந்தில்: எடுக்கும்போது குழந்தைக்கோ கவிதாவுக்கோ ஏதாவது ஆகுமா, விஜயாம்மா?

விஜயா அத்தை: வலி ஒன்றும் கிடையாது. பிரசவ வார்டில் வேலை பார்த்தபோது நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். குழந்தை வெளியே வந்ததும் கொடியில் கவ்வி போட்டு வெட்டுவோம். அப்புறம் தாய்ப் பக்கம் மிச்சமிருக்கும் கொடியின் பெரிய ரத்தக்குழாயில் ஊசியைச் செருகி, பையைக் கட்டிலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் ரத்தம் தானாக இறங்கும். 50 மில்லியிலிருந்து 100 மில்லி வரை வரும். சின்னக் குழந்தைக்கு அது போதலாம். 60 கிலோ ஆளுக்கு ஒரு பை பெரும்பாலும் போதாது. பிறகு என்ன 75 வருடக் கணக்கு?

விஜயா அத்தை: இன்னொன்று. பை நிறைய வேண்டும் என்று கொடியை அவசரமாக வெட்டுகிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1 நிமிடத்துக்கு முன்னால் கவ்வி போடாதே, 1 முதல் 3 நிமிடம் வரை பொறு என்கிறது. அந்த நேரத்தில் கொடி வழியாகக் குழந்தைக்குள் போகிற ரத்தம்தான் முதல் சில மாதங்களுக்கு இரும்புச்சத்து. பொறுத்தால் பையில் விழுவது குறையும். என்னைக் கேட்டால் அது குழந்தைக்கே போகட்டும்.

பிரபா: அத்தை சொல்வது சரி. சிங்கப்பூரில் நடந்ததையும் கேளுங்கள். 2023 நவம்பரில் சுகாதார அமைச்சு அறிவித்தது. ஒரு தனியார் கொடிரத்த வங்கியில் 22 தொட்டிகள், அதில் 7-இல் குளிர் சரியாக இருக்கவில்லையாம். ஒரு தொட்டியில் மட்டும் சுமார் 2,200 பைகள் கெட்டுவிட்டன. என் ஆபீஸில் ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டியிருந்தார். செய்தி வந்த அன்று மத்தியானம் சாப்பிடவே வரவில்லை.

செந்தில்: திரவ நைட்ரஜனில் வைப்பார்களாமே மச்சான். மைனஸ் 196 டிகிரி என்றார்.

பிரபா: வைப்பார்கள். தொட்டியை யாராவது கவனிக்கவும் வேண்டும் அல்லவா?

கவிதா: அவர் இன்னொன்றும் சொன்னார். நம் பையைக் கொடுத்துச் சேர்ந்தால், அங்கே சேர்த்திருக்கிற மற்றவர்களுடைய பைகளிலும் நமக்குப் பங்கு உண்டாம்.

அம்மா: நான் ஒன்று கேட்கலாமா? தப்பாக நினைக்கக் கூடாது. கவிதா குழந்தையின் ரத்தம், தலசீமியாவோடு இருக்கிற நம் மஞ்சு பையன் கிருத்திக்குக்கு ஆகுமா? ஆகும் என்றால் என் வளையலை வைத்தாவது கட்டிவிடலாம்.

மஞ்சு (8:51): அம்மா, கேட்டதில் தப்பே இல்லை. இதைப் போன வருடமே வேலூரில் கேட்டுவிட்டோம். ஹெச்.எல்.ஏ. என்று ஒரு பொருத்தம் பார்ப்பார்கள். பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருவது. கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்த 4-இல் 1 வாய்ப்பு. சித்தி பிள்ளைக்குப் பொருந்துவது ரொம்ப அபூர்வம்.

மஞ்சு: கவிதா, அந்தப் பங்குக் கதையையும் விசாரித்தோம். தலசீமியாவுக்கு வெளியாள் கொடிரத்தம் கொடுத்தால் உடம்பில் ஒட்டாமல் போவது அதிகம் என்று டாக்டர் சொன்னார். தாத்ரியிலும் தேடிப் பார்த்தார்கள். அது ஸ்டெம் செல் தானம் செய்கிற பெரியவர்களின் பதிவேடு, சென்னையில் இருக்கிறது. இதுவரை யாரும் பொருந்தவில்லை.

ராமு சித்தப்பா: இவ்வளவு அலைந்திருக்கிறாயா மஞ்சு? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

மஞ்சு: என்ன சொல்வது சித்தப்பா. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம், அந்த ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை இறக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் டம்ளரின் அடியில் தங்குவதை அவன் குடிக்க மாட்டான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கலக்கி, மறுபடி கொடுக்க வேண்டும். அதிலேயே காலை போய்விடுகிறது.

விஜயா அத்தை: மஞ்சு, இன்னொரு குழந்தை பற்றி டாக்டர் ஏதாவது சொன்னாரா? குழுவில் வேண்டாம் என்றால் தனியாகச் சொல்.

மஞ்சு: பரவாயில்லை அத்தை, எல்லோரும் நம்மவர்கள்தானே. அடுத்த குழந்தைக்கு இந்த நோய் இல்லாமலும் இருந்து, கிருத்திக்குக்கு முழுதாகப் பொருந்தவும் 16-இல் 3 வாய்ப்பு. நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படிப் பிறந்தால் அந்தக் கொடிரத்தத்தை விடவே கூடாது என்று டாக்டரே சொன்னார். தேவைப்பட்டால் குழந்தை கொஞ்சம் வளர்ந்தபின் எலும்பு மஜ்ஜையும் எடுக்கலாமாம்.

விஜயா அத்தை: அதுதான் சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2017 வழிகாட்டுதலில் இதைத்தான் சொல்கிறது. தனக்கே பிற்காலத்தில் உதவும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இப்படி நோய் உள்ள குழந்தை இருந்து, அதற்குத் தம்பியோ தங்கையோ பிறந்தால் சேமிக்கலாம். ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்பவர் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார்.

அம்மா: கவிதா குழந்தைக்கும் அது வருமோ என்று எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

கவிதா: இல்லைம்மா. 9-ஆவது வாரமே எங்கள் இருவருக்கும் தலசீமியாவுக்கான ஹெச்.பி.ஏ.2 ரத்தச் சோதனை பார்த்துவிட்டார்கள். எனக்கு 5.1, அது அதிகம். அவருக்கு 2.6, அது சரியான அளவு. நான் மட்டும்தான் கேரியர், அதாவது குறை என்னிடம் இருக்கிறது, ஆனால் நோய் இல்லை. குழந்தை என்னைப் போல கேரியராகப் பிறக்கலாம், நோய் வராது. கோப்பில் முதல் தாளே அதுதான்.

மஞ்சு: அந்தச் சோதனைக்காக இவளோடு சண்டையே போட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும், ஜாதகத்தோடு கொடுங்கள் என்றேன், யார் கேட்டீர்கள்?

பிரபா: 😄 மஞ்சு கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ராமு சித்தப்பா: அப்படியானால் 65,000 வேண்டாம் என்கிறீர்கள்.

விஜயா அத்தை: வேண்டாம் என்று நான் சொல்கிறேன். பணம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது.

கவிதா: வேண்டாம் அத்தை. இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

செந்தில் (9:20): இப்போது மறுபடி கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். ‘சார், பிள்ளை விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கலாமா’ என்கிறார். கோபம் வந்தது, வைத்துவிட்டேன்.

அம்மா: அடுத்த தடவை போனை என்னிடம் கொடுங்கள் மாப்பிள்ளை.

விஜயா அத்தை: புதன்கிழமை டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கொடியை வெட்ட எத்தனை நிமிடம் பொறுப்பீர்கள் என்று. சிசேரியன் ஆனாலும் பொறுக்கலாம். குழந்தை அழவில்லை, மூச்சு சரியில்லை என்றால் உடனே வெட்டித்தான் ஆக வேண்டும், அப்போது வாக்குவாதம் பண்ணக் கூடாது.

கவிதா: சரி அத்தை, எழுதிக்கொண்டேன்.

மஞ்சு: பேச்சோடு பேச்சாக ஒன்று. சனிக்கிழமை கிருத்திக்குக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். பி பாசிட்டிவ் இருப்பு குறைவாக இருக்கிறது, முடிந்தால் ஆள் கூட்டி வாருங்கள் என்று ரத்த வங்கியில் சொன்னார்கள்.

செந்தில்: நான் பி பாசிட்டிவ்தான் அண்ணி. எத்தனை மணிக்கு வர வேண்டும்?

மஞ்சு: 9 மணிக்கு வந்தால் போதும். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்?

செந்தில்: பொங்கலுக்கு முன்னால் ஆபீஸ் முகாமில். 3 மாதம் தாண்டிவிட்டது.

விஜயா அத்தை: இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள் மாப்பிள்ளை. வெறும் வயிறு என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.