மொறிஸ் மைனர் ஸ்பீடோமீற்றர் பல்ப்: கை எட்டுதில்லை, ஆரும் வழி சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், தம்பிமார்.

அப்பாவின்ரை 1961 மொறிஸ் மைனர் 1000 இப்ப என்னட்டைத்தான் நிக்குது, யாழ்ப்பாணத்தில. ஓட்டத்தில ஒரு குறையும் சொல்லேலாது. நடு டாஷ்போட்டில இருக்கிற பெரிய வட்ட ஸ்பீடோமீற்றருக்குள்ள வெளிச்சம் மட்டும் இல்லை. இரவில மனுசி போன் ரோச்சை அடிச்சுத்தான் முள்ளைப் பாத்துச் சொல்லுறா.

பற்றறி வயரைக் கழட்டிப்போட்டு, டாஷ்போட்டில இடப்பக்கம் இருக்கிற சாமான் பெட்டியின்ரை மட்டையை எடுத்துக் கையை விட்டனான். விரல் நுனி பல்ப் ஹோல்டரில முட்டுது, பிடிச்சு இழுக்க இடமில்லை. துணி சுத்தின பழைய வயர் வேற. கண்டபடி இழுத்தா உதிர்ந்திடும் எண்டு பயம். முழங்கைத் தோல் உரிஞ்சதுதான் மிச்சம்.

ஸ்பீடோ கேபிளின்ரை நட்டைக் கழட்டி மீற்றரை முன்பக்கமா எடுக்கிறதோ, இல்லை பின்னாலேயே ஏதும் சூட்சுமம் இருக்கோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

மற்றது, இதுக்கு 12 வோல்ற் 2.2 வாட் சின்னப் புரி பல்ப். கடைக்காரத் தம்பி எல்இடி போடச் சொல்லுறான். இது பொசிற்றிவ் ஏர்த் கார், பற்றறியின்ரை பிளஸ் பக்கம்தான் கார் பொடியில நிக்குது; சாதாரண எல்இடி தலைகீழாப் போய் எரியாது எண்டு அவனுக்கு விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போச்சு. எந்தப் பக்கம் குடுத்தாலும் எரியுற எல்இடி ஆரும் போட்டனீங்களோ? பழைய மஞ்சள் வெளிச்சம்தான் எனக்கு விருப்பம், ஆனா வருசத்துக்கு ஒருக்கா உள்ளுக்க கையை விட இனி ஏலாது.

படம் இருந்தாப் போட்டுவிடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கழட்டப் போறன்.