வாக்காளர் மீம்: மறதியா, கணக்கா?

கரிசல்:
வாக்காளரின் மறதியைக் கிண்டல் செய்யும் அந்த இரண்டு கட்ட மீம் மறுபடி சுற்றுகிறது, நானும் போட்டிருக்கிறேன். முதல் கட்டத்தில் ‘இவங்களுக்கு இனி ஓட்டே கிடையாது’ என்று வடிவேலு பல்லைக் கடிக்கிறார், அடுத்ததில் அதே ஆள் சிரித்துக்கொண்டே விரல் மையைக் காட்டுகிறார். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்கு 39ல் 37 கொடுத்தோம், 2019ல் ஒன்றே ஒன்று. இது மறதி இல்லாமல் வேறென்ன?

தராசு:
அண்ணே, 2014ல் திமுக ஒரு பக்கம், காங்கிரஸ் ஒரு பக்கம், இடதுசாரிகள் ஒரு பக்கம் என்று தனித்தனியாக நின்றார்கள், 2019ல் ஒன்றாக நின்றார்கள். ஓட்டும் நகர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் 37 இடம் ஒன்றாகக் குறைந்ததற்குக் கூட்டணி பெரிய காரணம், அது மீமில் வராது.

இன்னொன்று. 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. தேனி மக்களவைத் தொகுதியை அதிமுக வென்றது, அதற்குள் இருக்கும் ஆண்டிபட்டி, பெரியகுளம் இரண்டையும் திமுக வென்றது. தர்மபுரியில் அப்படியே தலைகீழ்: மக்களவை திமுகவுக்கு, உள்ளே அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் அதிமுகவுக்கு. ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி, பக்கத்து பக்கத்தில் இரண்டு இயந்திரம். மறந்தவர்கள் ஓட்டுப் போட்டால் இப்படியா வரும்?

கரிசல்:
சரி, கணக்குப் போட்டே குத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஏன் 2017ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும் 2019ல் வேலூர் தேர்தலையும் பணப் பட்டுவாடா புகாரில் ரத்து செய்ய வேண்டி வந்தது? அதையும் சொல்லுங்கள்.

தராசு:
கொடுத்தவர் யார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மீமில் மட்டும் எப்போதும் வாங்கினவர் முகம்தான் வருகிறது. முழங்கால் வலியோடு வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்ற என் அம்மாவை ‘மந்தை’ என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடுத்தெரு:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். மீம் போடுங்கள், ஆனால் பொத்தாம்பொதுவாக ‘மக்கள்’ என்று போடாமல் எந்தத் தொகுதி, எந்த வாக்குறுதி, எந்தத் தேதி என்று போடுங்கள்.

கரிசல்:
தேனி கணக்கு என்னை யோசிக்க வைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அம்மாவைப் பற்றி எழுதினது தப்பு. ஆனாலும் என் தெருவில் வடிகாலுக்குத் தோண்டின பள்ளம் மூன்று மழைக்காலமாக அப்படியே கிடக்கிறது, அத்தனை நாளும் திட்டின தெரு பிரச்சாரத்துக்கு வந்தவருக்கு ஆரத்தி எடுத்தது. அந்த மீமை நான் நீக்கப் போவதில்லை. கீழே பள்ளத்தின் படத்தையும் தோண்டின தேதியையும் சேர்த்துப் போடுகிறேன்.